மர ரேகை போட்ட காட்டேஜ் ஜன்னல்: பக்கத்தில் நின்று பார்த்தால் பல்லிளிக்குமா?

மேற்குஜன்னல் கேட்கிறார்:

வணக்கம். வீட்டு ஜன்னல்களை மாற்றும் யோசனையில் இருக்கிறோம். அதாவது தம்பிக்கு அந்த யோசனை இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை, நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீடு சின்னது, பழசு. தாழ்ந்த கூரை, ஒன்றரை அடிக் கனத்துக்குச் சுவர். மொத்தம் ஏழு ஜன்னல். எல்லாமே வெளிப்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு மர ஜன்னல்கள். ஒவ்வொரு கதவிலும் ஆறு சின்னக் கண்ணாடி. மூடினால் கதவும் நிலையும் ஒரே மட்டத்தில் நிற்கும், வெளியிலிருந்து கையால் தடவினால் இடறாது. அப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் வார்னிஷ் அடிப்பார். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது மேற்குப் பக்கம் இருக்கிற இரண்டிலும் கீழ்ச் சட்டம் கறுத்துப்போய், கட்டைவிரலால் அழுத்தினால் நனைந்த அட்டை மாதிரி உள்ளே போகிறது.

தம்பி யூபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் விற்பவரிடமிருந்து ஒரு சாம்பிள் வாங்கி வந்தான். ஒரு முழ நீளத் துண்டு, ‘கோல்டன் ஓக்’ ரேகை. விளம்பரத் தாளில் பெயர் ‘டிரெடிஷனல் காட்டேஜ் கேஸ்மென்ட்’, அதாவது சின்ன வீடுகளின் பழைய பாணிக் கீல் ஜன்னல். தூரத்தில் வைத்துப் பார்த்தால் மரமேதான். அம்மா கையில்கூட வாங்கவில்லை. “மரத்தோட போட்டோவை ஒட்டின பிளாஸ்டிக்” என்று முடித்துவிட்டார்.

என் தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் கரும்பழுப்பில் இதே மாதிரி ஜன்னல் இருந்தது. கோடையில் மதியம் மூன்று மணிக்குப் பூட்டவே பூட்டாது. ராத்திரி பத்து மணிக்கு ஒற்றை விரலால் பூட்டலாம். மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டால் காலையில்தான் வருவார், பூட்டிக் காட்டிவிட்டு “நல்லாத்தானே இருக்கு?” என்று கிளம்பிவிடுவார். பேய் பிடித்த ஜன்னல் என்று நாங்களே பேசிக்கொள்வோம்.

ரேகை உரியுமா, வெளுக்குமா? அந்தச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள் நிஜமா, சும்மா ஒட்டுவதா? பக்கத்தில் போய் நின்றால் பல்லிளிக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:

அம்மா சொன்னது சரிதான், சகோதரி. அது மரத்தின் போட்டோவேதான். ஆனால் ஜன்னலைக் காட்டிக்கொடுப்பது அந்தப் போட்டோ இல்லை. பதினான்கு வருஷம் இந்தச் சட்டங்களை அறுத்து ஒட்டியவன் சொல்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவோடு மரவேலை. சாம்பிள் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மூலையைக் கேளுங்கள். இரண்டு சட்டம் சேர்ந்த மூலை.

மர ஜன்னலில் நெட்டுச் சட்டம் மேலிருந்து கீழ்வரை முழுசாக ஓடும். குறுக்குச் சட்டம் அதில் போய் முட்டி நிற்கும். உள்ளே நாக்கும் துளையுமாகக் கோத்திருக்கும். ரேகையும் அதே கணக்குத்தான்: ஒன்று நிற்கும், ஒன்று படுக்கும், சந்திக்கிற இடத்தில் ஒரு நேர்கோடு. நம் கண் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய மூலை அது.

யூபிவிசியில் வழக்கமாக இரண்டு சட்டத்தையும் 45 டிகிரியில் அறுப்போம். நடுவில் கிட்டத்தட்ட 250 டிகிரி சூட்டில் ஒரு தகடு. இரண்டு முனையும் அதில் அழுந்தி மெழுகு மாதிரி இளகும். தகடு விலகியதும் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கும் மெஷின். ஒவ்வொரு முனையிலும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இந்த உருகலிலேயே போய்விடும் என்பதால் அதையும் சேர்த்துத்தான் அறுப்போம். பிதுங்கி வந்த பிசிறைக் கத்தியால் சீவினால் மூலைக்குக் குறுக்கே மெல்லிய பள்ளம் ஒன்று விழும். அந்தப் பள்ளத்தில் ரேகைத் தாள் கிடையாது, அடியில் இருக்கிற பிளாஸ்டிக்தான் தெரியும். அதை மறைக்கக் கலர் பேனாவால் ஒரு கோடு இழுப்போம். காலையில் இழுத்த கோடும், வேலை முடிகிற நேரத்தில் அலுத்துப்போய் இழுத்த கோடும் ஒன்றாக இருந்ததில்லை. என் கையே இழுத்ததுதான், சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது அடி நிறம். கோல்டன் ஓக் மாதிரி அடர்ந்த ரேகைக்கு உள்ளே பழுப்புப் பிளாஸ்டிக் இருந்தால் மூலைப் பள்ளமும் கீறலும் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக் மேல் வெளிப்பக்கம் மட்டும் தாள் ஒட்டினது என்றால், மூடியிருக்கும்போது அழகு. திறந்ததும் விளிம்பெல்லாம் பளீரென்று வெள்ளை. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒன்றைச் செய்துகொண்டு போனேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது, மூலையை மரம் மாதிரியே நேராக முட்டவைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலை கூடுதல், எல்லாரும் செய்யமாட்டார்கள். கிடைத்தால் விடாதீர்கள். பத்தடி தூரத்திலிருந்து உங்கள் அம்மாவையே ஏமாற்றக்கூடியது அந்த ஒரு விஷயம்தான்.

ரேகை உரிவது பற்றி. தாளின் கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். ஆனால் பேப்பர் இல்லை, அதுவும் பிளாஸ்டிக். அச்சடித்த படலத்துக்கு மேல் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க ஒளி ஊடுருவுகிற இன்னொரு படலம். சட்டத்தில் பிரைமர் தடவி, சூடான பாலியூரிதேன் பசை போட்டு, உருளைகளால் அழுத்தி ஒட்டுவார்கள். ஒழுங்காக ஒட்டினது நகத்துக்கு வராது. உரிய ஆரம்பித்தால் அறுத்த விளிம்பிலிருந்துதான் ஆரம்பிக்கும், விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். இன்னொன்று, அச்சு உருளை சுற்றச் சுற்ற ரேகை திரும்பத் திரும்ப அதேதான் வரும். சட்டத்தை இடம் மாற்றி அறுக்காவிட்டால் இரண்டு கதவிலும் ஒரே உயரத்தில் ஒரே கணு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். நிஜ மரத்தில் இரட்டைப் பிறவி கிடையாது.

அலுமினியத்திலும் மர ரேகை வருகிறது. பவுடர் பூச்சின் மேல் அச்சுப் படலத்தைச் சுற்றி, காற்றை உறிஞ்சி, 200 டிகிரி அளவில் சூடாக்கினால் மை பூச்சுக்குள் இறங்கிவிடும். உரிய அங்கே தாளே கிடையாது. ஆனால் தொட்டால் பெரும்பாலும் வழவழவென்றுதான் இருக்கும், ரேகையின் பள்ளம் கையில் படாது.

இப்போது உங்கள் பேய் ஜன்னல். அதில் ஒரு பேயும் இல்லை. யூபிவிசி சட்டம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் நீளும். அடர் நிறச் சட்டம் கோடை மதியத்தில் 70 டிகிரியைக்கூடத் தொடும். ராத்திரிக்கும் மதியத்துக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அலுமினியம் நீளுவது இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு, வெயில் படுகிற வெளிமுகம் நீள, உள்முகம் குளிர்ந்தே கிடக்க, சட்டம் வில் மாதிரி வெளிப்பக்கம் வளையும். பூட்டு நாக்கு ஒரு இடத்தில், அது விழ வேண்டிய பள்ளம் வேறு இடத்தில். இதைத் தடுக்கத்தான் சட்டத்தின் வயிற்றுக்குள் இரும்பு வைக்கிறோம். அடர் நிறத்துக்கு அந்த இரும்பை மிச்சம் பிடிக்கவே கூடாது. உங்கள் வாடகை வீட்டில் அதை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். காலையில் மட்டும் வந்தவருக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கும்.

காட்டேஜ் பாணியில் இது இன்னும் கறாரான சமாச்சாரம். சாதாரண யூபிவிசி ஜன்னலில் கதவு நிலையின் மேல் உதடு மாதிரி ஏறி மூடும். உள்ளே இடைவெளி ஏறுக்குமாறாக இருந்தாலும் உதடு மறைத்துவிடும். உங்கள் ஜன்னலில் கதவு நிலைக்குள்ளே போய் ஒரே மட்டத்தில் நிற்கிறது. சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு மாதிரி இடைவெளி தெரியும். மேலே இரண்டு, கீழே நாலு மில்லிமீட்டர் என்றால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். பெயரில் மட்டும் காட்டேஜ் போட்டுவிட்டு உதடு வைத்த ஜன்னலை விற்பதும் உண்டு. விளம்பரத் தாளின் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள்.

கண்ணாடிக் கட்டம் பற்றி ராத்திரி எழுதுகிறேன். பேரன் கம்ப்யூட்டரைக் கேட்கிறான்.

ரெண்டாம்மாடி:

இழைப்புளி ஐயா சொன்னதற்கு மேல் எனக்குத் தொழில் தெரியாது. ஒன்பது வருஷமாக ரோஸ்வுட் ரேகை ஜன்னலோடு குடித்தனம் நடத்துகிறேன், அந்த அனுபவம் மட்டும்.

வெளுக்கவில்லை. வடக்குப் பக்கம் புதுசு மாதிரியே இருக்கிறது, தெற்கில் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. உரியவில்லை, ஓர் இடம் தவிர. அந்த இடத்துக்கு நான்தான் காரணம். பெயிண்ட் துளி தெறித்திருந்தது, தின்னர் போட்டுத் துடைத்தேன். துளி போனது, கூடவே ரேகையும் போனது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

சட்டத்தின் மேல் ஒட்டி வருகிற பாதுகாப்பு டேப்பை மாட்டி முடித்த உடனே உரித்துவிடுங்கள். வீட்டு வேலை முடியட்டும் என்று ஏழெட்டு மாதம் விட்டுவைத்தோம். வெயிலில் வெந்து, பசை சட்டத்தோடு ஐக்கியமாகிவிட்டது. நகம் நகமாகச் சுரண்டினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம், நிலையின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்தால் வழிந்து போவதற்கு. எங்கள் வீட்டில் பூச்சு வேலைக்கு வந்தவர் பூச்சி வரும் என்று நல்ல மனதோடு சிலிகான் வைத்து அடைத்துவிட்டார். அடுத்த மழைக்கு ஜன்னல் தொட்டி ஆகிவிட்டது. தண்ணீர் உள்பக்கம்தான் வழிந்தது.

இழைப்புளி:

டேப் விஷயத்தை நான் சொல்லாமல் விட்டது தப்பு. நன்றி தம்பி.

சின்னக் கண்ணாடிக் கட்டம் மூன்று விதம். ஒன்று, நிஜமாகவே தனித்தனிக் கண்ணாடி. பார்க்க அதுதான் உத்தமம். ஆனால் இரட்டைக் கண்ணாடி (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு தகடு) என்றால் ஒவ்வொரு சில்லுக்கும் தனியாக ஓரம், தனியாக சீல். அதைப் பிடிக்கக் குறுக்குக் கம்பி தடியாகும். உங்கள் பழைய கம்பி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஓரம் கூடக் கூட வெப்பம் கடத்துகிற இடமும் கூடும், சீல் போய் உள்ளே ஆவி படிகிற வாய்ப்பும் கூடும்.

இரண்டாவது, ஒரே பெரிய இரட்டைக் கண்ணாடி, இரண்டு பக்கமும் கம்பிகளை ஒட்டி, நடு இடைவெளியிலும் அதே நேர்கோட்டில் ஒரு பட்டை வைப்பது. அந்த நடுப்பட்டைதான் உயிர். அது இல்லாவிட்டால் சாய்ந்து பார்க்கும்போது வெளிக் கம்பிக்கும் உள் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், கள்ளம் வெளுத்துவிடும்.

மூன்றாவது, கம்பி முழுக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் மட்டும். துடைக்கச் சுலபம், அவ்வளவுதான். வெளிமுகம் தட்டையாக இருப்பதால் எதிர் மரத்தின் பிம்பம் ஒரே முழுப் படமாக விழும். உங்கள் பழைய ஜன்னலில் பாருங்கள்: ஆறு சில்லும் ஆறு விதமாகத் துளி சாய்ந்திருக்கும், மரக்கிளை ஒவ்வொன்றிலும் ஒடிந்து ஒடிந்து தெரியும். அந்த ஒடிவுதான் காட்டேஜ்.

உங்களுக்கு இரண்டாவது போதும்.

பழங்கண்ணாடி:

நான் எதிர்க்கட்சி. ஏழில் இரண்டில்தான் கீழ்ச் சட்டம் உளுத்திருக்கிறது என்கிறீர்கள். அதற்காக ஏழையும் கழற்றுவானேன்? சுண்டுவிரல் அழுகினால் கையையா வெட்டுவோம்? உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து, அதே சாதி மரத்தில் துண்டு கோத்து ஒட்டலாம். புதுத் துண்டை மாட்டும் முன் அறுத்த முனையில் பூச்சை ஊற ஊற விடச் சொல்லுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்த முனை வழியாகத்தான். கீழ்ச் சட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு சன்னமான பள்ளம் ஓடுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். சொட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டமாட்டாமல் அங்கேயே விழுந்துவிடும். பலமுறை வார்னிஷ் அடித்து அடித்து அது தூர்ந்துபோயிருக்கும். அங்கேதான் அழுகல் தொடங்கியிருக்கும்.

கண்ணாடியை மட்டும் தயவுசெய்து உடைத்துப் போடாதீர்கள். லேசாக நெளிநெளியாகத் தெரிந்தால் அது பழைய முறையில் ஊதியோ இழுத்தோ செய்தது. இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை 1950களில் உருவாக்கிய பிறகுதான் இன்றைய நெளியாத கண்ணாடி எல்லாருக்கும் வந்தது. முன்பெல்லாம் ஊதிச் சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து சில்லுச் சில்லாக வெட்டுவார்கள். பெரிய கண்ணாடி எட்டாத விலை. ஜன்னலில் ஆறு கட்டம் வந்தது அழகுக்காக இல்லை, கையில் இருந்தது அந்தச் சில்லு. அங்கே 1696 முதல் 1851 வரை ஜன்னலை எண்ணி வரி வேறு போட்டார்கள், அது தனிக் கதை. பெரிய வீடுகள் மேலும் கீழும் நகரும் ஜன்னலுக்கு மாறின பிறகும் சின்ன வீடுகள் கீல் போட்ட கதவையே வைத்துக்கொண்டன. அதைத்தான் இப்போது ‘காட்டேஜ் ஸ்டைல்’ என்று விற்கிறார்கள்.

குளிர், சத்தம் பிரச்சினை என்றால் பழைய ஜன்னலை விட்டுவிட்டு உள்பக்கம் இன்னொரு மெல்லிய கண்ணாடிக் கதவு போடலாம். ஒன்றரை அடிச் சுவரில் இடத்துக்கா பஞ்சம்?

மேற்குஜன்னல்:

எல்லோருக்கும் நன்றி. பழங்கண்ணாடி சொன்னதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சுற்று வந்தேன். நான் நினைத்தது தப்பு. மேற்கு இரண்டும் கீழ்ச் சட்டம் மட்டுமில்லை, நிலையின் அடிக்கட்டையும் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவர் பாதி வரை இறங்கியது. ஆனால் முன்பக்கத்து ஐந்தும் கல் மாதிரி இருக்கின்றன. பள்ளத்தையும் பார்த்தேன், வார்னிஷ் அடைத்துக் கிடக்கிறது. அப்பா அத்தனை அக்கறையாக அடித்ததே அதை அடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

இழைப்புளி ஐயா, மேற்கு இரண்டுக்கு மட்டும் ரேகை போட்ட யூபிவிசி, முன்பக்கம் மரம் அப்படியே என்று செய்தால் ஒட்டாமல் தெரியுமா? கைப்பிடி, கொக்கி எல்லாம் பழையபடி கிடைக்குமா? இப்போது இருப்பது குரங்கு வால் மாதிரி சுருண்ட இரும்புக் கைப்பிடி. அம்மாவுக்கு அதில்தான் உயிர்.

இழைப்புளி:

ஒரே சுவரில் இரண்டையும் கலந்தால் தெரியும், சகோதரி. மரம் வெயிலில் நிறம் மாறிக்கொண்டே போகும், தாள் மாறாது. இரண்டு வருஷத்தில் விவாகரத்து. வேறு வேறு பக்கம் என்பதால் பரவாயில்லை, ஒரே நேரத்தில் இரண்டையும் யாரும் பார்க்க முடியாது.

ஆனால் மேற்குக்கு கோல்டன் ஓக் வேண்டாம் என்பேன். கிரீம் நிறத்தில் ரேகை மட்டும் மேடும் பள்ளமுமாக வருகிறது. பெயிண்ட் அடித்த மரம் மாதிரி இருக்கும். சூடு அவ்வளவு ஏறாது, வளையவும் வளையாது. அதில் மூலைப் பள்ளமும் கண்ணை உறுத்தாது, வெள்ளைக்குப் பக்கத்து நிறம்தானே. பழைய காட்டேஜ் ஜன்னல்களில் பெயிண்ட் அடித்தவை ஏராளம், அதனால் பாணிக்கும் பங்கம் இல்லை.

குரங்கு வால் கைப்பிடி புதிதாகவே வருகிறது, உள்ளே பல இடத்தில் பூட்டுகிற நாக்குகளை அது திருப்பும். கூடவே துளைகள் போட்ட இரும்புக் கம்பி ஒன்றும் வரும், பழைய ஜன்னலில் கதவைத் திறந்து முளையில் மாட்டி நிறுத்துவோமே, அது. புது ஜன்னலில் பெரும்பாலும் அது சும்மா அலங்காரம். கதவைத் தாங்குவது மேலும் கீழும் மறைந்திருக்கிற, உராய்வால் கதவைப் பிடித்து நிறுத்துகிற ஃப்ரிக்‌ஷன் ஸ்டே. விருந்தாளி ஒவ்வொருவரும் அந்தக் கம்பியை மாட்டப் பார்த்து அசடு வழிவார்கள். வேண்டுமானால் போடுங்கள். நான் போடமாட்டேன்.

அளவெடுக்க வருகிறவர் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுக்கிறாரா, மூலைவிட்டம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பழைய சுவரில் எந்தத் திறப்பும் சதுரமாக இருக்காது. ஒரே அளவு எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆளை மாற்றுங்கள். வாங்கும் முன் மூலைத் துண்டு. மறக்க வேண்டாம்.

மேற்குஜன்னல்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூலைத் துண்டு வந்தது, கிரீம் ரேகை, நேர்மூட்டு. கேட்டதற்கு அவர் முதலில் முகம் சுளித்தார், “இதுவரைக்கும் யாரும் மூலை கேட்டதில்லை” என்றார். அப்புறம் அனுப்பிவிட்டார். மூன்று இடத்தில் அளவும் எடுத்தார், மேலுக்கும் கீழுக்கும் 11 மில்லிமீட்டர் வித்தியாசம்.

முன்பக்கத்து ஐந்துக்கும் மரவேலைக்காரர் அடுத்த வாரம் வருகிறார். பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

துண்டை அம்மா மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. விளிம்பை நகத்தால் நெருடினார், மூட்டை விரலால் தடவினார், மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் திருப்பி, அறுத்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள இரும்பு வச்சிருக்கானே” என்றார். தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்துவிட்டான்.